மனித வாடை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காதா?

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு குடும்பம் பிஸ்கட் அட்டைப்பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றது. சென்னையில் இருப்பவர்கள், பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம். உறவினர் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள், வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கும் போயிருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு நத்தைகுத்தி நாரைக் குஞ்சு. மரத்தடியில் கிடந்ததாம். இரண்டு நாள் தங்கும் விடுதியின் குளியலறையில் வைத்து, இங்க் ஃபில்லரால் பால் ஊட்டியிருக்கிறார்கள்.

குஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் வாயைத் திறந்து வாலை ஆட்டியது. காதைக் கிட்டே வைத்தால் நெஞ்சுக்குள் நீர் கொப்பளிக்கிற சத்தம். பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. முடிந்ததைச் செய்தேன். திங்கட்கிழமை விடிவதற்குள் இறந்துவிட்டது. வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்தேன். இந்தப் பருவத்தில் இது நான்காவது குஞ்சு. நான்கும் அன்பால் தூக்கிவரப்பட்டவை, நான்கும் பிழைக்கவில்லை.

நான் கால்நடை மருத்துவர். என் வேலையில் பெரும்பகுதி மாடும் ஆடும்தான். தை மாதம் வந்தால் மஞ்சுவிரட்டுக் காளைகளைப் பார்க்கவே பொழுது சரியாக இருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் வேட்டங்குடியிலும் பறவைகள் குஞ்சு பொரித்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற கூட்டமும் அப்போதுதான் வருகிறது. அதனால் வருஷா வருஷம் அட்டைப்பெட்டிகள் என்னிடம் வருகின்றன.

அன்று அவர்களோடு ஒரு ஆச்சி வந்திருந்தார். குஞ்சைப் பார்த்ததும் நான் முகம் சுளித்ததைக் கவனித்துவிட்டு, "தம்பி, புள்ள தெரியாம கையில எடுத்துட்டான். மனுச வாடை பட்டா தாய் சேக்காதுல்ல? அங்கேயே விட்டா செத்துப் போகும்னுதான் தூக்கிட்டு வந்தோம்" என்றார்.

இந்த ஒரு நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியிடம் கேட்டேன்: "ஊர்ல கோழி அடைவச்சிருக்கீங்களா ஆச்சி?"

"வைக்காம? எத்தன ஈடு வச்சிருப்பேன்."

"முட்டைய கோழிக்கு அடியில யாரு வச்சா?"

"நாந்தேன்."

"கோழி எந்திரிச்சுப் போயிருச்சா?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வாத்து முட்டையக்கூட வச்சுப் பொரிச்சிருக்கேன் தம்பி" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். நம் வீட்டுக் கொல்லையிலேயே விடை இருக்கிறது. கையால் எடுத்து வைத்த முட்டையைக் கோழி அடைகாக்கிறது. பொரித்த குஞ்சைப் பிள்ளைகள் எடுத்துக் கொஞ்சிவிட்டு இறக்கிவிட்டால் இறக்கைக்குள் சேர்த்துக்கொள்கிறது. கோழியை விடுங்கள், மரத்தில் பாருங்கள். குயில் முட்டையைக் காக்கை அடைகாத்து, அந்தக் குஞ்சுக்கு இரை ஊட்டி வளர்க்கிறது. வேறு இனத்துக் குஞ்சையே தன் கூட்டில் இருப்பதால் வளர்க்கும் பறவை, தான் பெற்ற குஞ்சை உங்கள் விரல் பட்டதற்காகத் தள்ளிவிடுமா? பறவைகளுக்கு மோப்பமே கிடையாது என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான பறவைகள் குஞ்சை அடையாளம் காண்பது கூடு இருக்கும் இடத்தையும் குஞ்சின் குரலையும் வைத்துத்தான். பறவை ஆராய்ச்சியாளர்கள் கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்துவிட்டுத் திரும்பக் கூட்டிலேயே வைக்கிறார்கள். தாய்ப்பறவை வந்து இரை கொடுக்கிறது. உலகம் முழுக்க நடக்கிற வேலை இது.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் கூட்டைக் கலைக்காமல் இருக்கப் பெரியவர்கள் சொல்லிவைத்ததாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அதில் பாதி உண்மையும் உண்டு. முட்டையிடும் நேரத்தில் அடிக்கடி தொந்தரவு செய்தால் சில பறவைகள் கூட்டையே விட்டுவிடும். அது வாடையால் வருவதில்லை, பயத்தால் வருவது. கலைக்காதே என்பதற்காகச் சொன்ன வார்த்தை, இன்று தூக்கிக்கொண்டு போவதற்குக் காரணமாகிவிட்டது. தொட்டுவிட்டோம், இனி நம் பொறுப்பு என்று காரில் ஏற்றிவிடுகிறீர்கள். காரில் ஏறிய பிறகுதான் அந்தக் குஞ்சு உண்மையிலேயே தாயை இழக்கிறது.

சரி, கீழே கிடக்கிற குஞ்சை என்னதான் செய்வது? முதலில் எந்தப் பறவை, எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.

வீட்டு முற்றத்திலோ தோட்டத்திலோ மைனா, கொண்டைக்குருவி, காக்கைக் குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால், உடம்பெல்லாம் இறகு முளைத்து வால் மட்டும் குட்டையாக இருந்தால், அது விழுந்த குஞ்சு இல்லை, பறக்கப் பழகுகிற குஞ்சு. தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும், நீங்கள் நகர்ந்ததும் இரையோடு இறங்கும். பூனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடைபாதையில் இருந்தால் பக்கத்துப் புதருக்கு மாற்றிவிடுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். கையாலேயே வைக்கலாம். கூடு பிய்ந்து விழுந்திருந்தால் நம் ஊரில் அதற்கு அருமையான பொருள் இருக்கிறது: கொட்டான் என்கிற பனையோலைக் கூடை. சின்ன ஓலைக் கொட்டானின் அடியில் தண்ணீர் வடிய நாலு துளை போட்டு, காய்ந்த புல்லை வைத்து, பழைய கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள். பெரும்பாலும் தாய் அதற்கே வந்து இரை கொடுக்கும். காரைக்குடியில் ஒரு வீட்டில் ஓட்டுச் சரிவிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சுகள் இப்படித்தான் பிழைத்துப் பறந்தன.

வேட்டங்குடி போன்ற இடத்தில் கதை வேறு. அங்கே நாரை, வக்கா, கொக்கு, அரிவாள் மூக்கன் எல்லாம் கருவேல மரங்களில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. இவை கூட்டில் இருக்கும் குஞ்சுக்குத்தான் இரை கொடுக்கும், கீழே இறங்கி ஊட்டுவது அரிது. ஆகவே விழுந்த குஞ்சுக்கு உதவி தேவைதான். ஆனால் அந்த உதவியைச் செய்ய வேண்டியவர்கள் வனத்துறைக் காவலர்கள். அவர்களுக்கு எந்த மரத்தில் எந்தக் கூடு என்று தெரியும், ஏறி வைக்க முடிந்தால் வைப்பார்கள், முடியாவிட்டால் அடுத்து என்ன என்பதும் தெரியும். நீங்கள் நின்ற இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். குனிந்து எடுக்க வேண்டாம். நாரை, கொக்குக் குஞ்சுகள் பயந்தால் முகத்தைப் பார்த்துக் கொத்தும். அந்த அலகு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பயந்த குஞ்சு தின்றதைக் கக்கிவிடும். அது அதன் தற்காப்பு. அன்று வந்த குடும்பம் அதைத்தான் வாந்தி என்று நினைத்து, வயிறு குளிரட்டும் என்று பால் கொடுத்திருக்கிறது.

பால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பறவை பாலூட்டி இல்லை. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்க அதற்கு வழியில்லை. புறா பால் கொடுக்கிறதே என்று கேட்பார்கள். அது கழுத்துப் பையின் உள்சுவரிலிருந்து வரும் தயிர்க்கட்டி போன்ற ஒரு பொருள், அதில் மாட்டுப் பாலில் இருக்கும் சர்க்கரை கிடையாது. இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஃபில்லர். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. நீங்கள் வாயைப் பிளந்து விடுகிற ஒவ்வொரு சொட்டும் நேராக நுரையீரலுக்குப் போகலாம். வெறும் தண்ணீருக்கும் இதே கதிதான். குஞ்சுகளுக்குத் தேவையான தண்ணீர் இரையிலேயே வந்துவிடுகிறது. தாகமாக இருக்கும் பாவம் என்று நினைத்து ஊற்றாதீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

குஞ்சு ஏன் விழுகிறது என்று கேட்டால், பல சமயம் காற்று, பல சமயம் கூட்டுக்குள் உடன்பிறப்புகளோடு நடக்கிற இரைப் போட்டி. அது இயற்கை, அப்படி விழுவதை உடும்பும் கீரியும் தின்னும். ஆனால் சில சமயம் நாம். முதுமலைக்குப் போனால் வனத்துறை வண்டியிலிருந்து காலைக் கீழே வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிகிறது, புலிக்குப் பயந்து சத்தம் போடாமல் உட்கார்ந்து வருகிறோம். அதே ஆட்கள் பறவைச் சரணாலயத்துக்கு வந்தால் கார் கதவை ஓங்கி அடைக்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள், எல்லாம் ஒன்றாகப் பறந்தால் வீடியோ நன்றாக வரும் என்று கைதட்டுகிறார்கள். பெரிய பறவைகள் பதறி எழுந்ததும் குஞ்சுகள் கிளை நுனிக்கு ஒதுங்குகின்றன. முட்டைகள் மதிய வெயிலில் கிடக்கின்றன. காக்கை அதற்காகவே காத்திருக்கும். ஐந்து நிமிட வீடியோவுக்கு எத்தனை கூடு போனது என்பது எடுத்தவருக்குத் தெரியவே தெரியாது.

இதில் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். வேட்டங்குடி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1977இல்தான். மொத்தமே 38.4 ஹெக்டேர், கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்கள் சேர்ந்தது. ஆனால் அரசாங்கம் அறிவிப்பதற்கு முன்பிருந்தே ஊர் இந்தப் பறவைகளைக் காத்துவருகிறது. கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மாடு பார்க்க அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், புதுச்சட்டை போட்டுக்கொண்டு கம்பி மத்தாப்பைக் கையில் வைத்திருப்பார்கள், சரவெடி கேட்டு அழுது நான் பார்த்ததில்லை. பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பார்கள் அங்குள்ள பெரியவர்கள். அந்த ஊர் பிள்ளைகள் வருஷம் ஒரு நாள் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்கும்போது, அரை மணி நேரம் வந்துபோகிற நாம் ஹார்ன் அடிக்காமல் இருக்க முடியாதா?

போங்கள், கட்டாயம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்திருந்தால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை பொய்த்த வருஷம் பறவையும் குறைவு, கேட்டுவிட்டுப் போங்கள். சாப்பிட்டுவிட்டு மதியம் போகாதீர்கள், விடிகாலை அல்லது சாயங்காலம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் கரையிலிருந்தே நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர்ந்த பிறகுதான் வரும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். ரொட்டி, பொரி எதையும் போடாதீர்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ உடனே சொல்லுங்கள், அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

மயில் குஞ்சு, மயில் முட்டை எடுத்து வந்து கோழியில் அடைவைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் சிறைக்குப் போகலாம். பாசத்தில் வளர்த்தோம் என்பது அங்கே எடுபடாது.

இவ்வளவு சொல்லியும் எப்படியோ ஒரு குஞ்சு உங்கள் கையில் வந்துவிட்டது, பக்கத்தில் காவலர் யாரும் இல்லை என்றால்: துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பருத்தித் துணி, ஓரமாகத் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். மூடி இருட்டாக வையுங்கள். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். தீனியும் தண்ணீரும் கொடுக்காதீர்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல், அன்றைக்கே வனத்துறையிடம் கொடுங்கள். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்த மரத்தையும் மறக்காமல் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அன்று அந்தக் குடும்பத்திடம் நான் முதலில் கேட்டது அதைத்தான். "ஏதோ ஒரு கருவேல மரம் டாக்டர்" என்றார்கள்.