ஹெட்ஷாட் என்பது தலைப்படம் அல்ல, முகப்படம்

குறும்படத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளிலும் நடிப்புப் பட்டறைத் துண்டறிக்கைகளிலும் “உங்கள் தலைப்படம் ஒன்றை அனுப்பவும்” என்று எழுதுகிறார்கள். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இது இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. நடிப்பு வாய்ப்புக் கேட்டு அனுப்பும் படத்தை ஆங்கிலத்தில் ஹெட்ஷாட் என்பார்கள்; ஹெட்டுக்குத் தலை, ஷாட்டுக்குப் படம், வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். இந்தச் சொல் தவறு. அதை நம்பி ஸ்டுடியோவுக்குப் போகிற பிள்ளைகளின் காசும் வாய்ப்பும் வீணாவதால்தான் இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஷாட் என்பது வேட்டைக்காரர் வாயிலிருந்து கேமராவுக்கு வந்த சொல். குறி பார்க்காமல் சட்டென்று சுடுவதை ஸ்னாப்ஷாட் என்றார்கள். 1860-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் அதைப் புகைப்படத்துக்கு ஏற்றிச் சொன்னார். பிறகு ஷாட் என்றாலே எடுத்த படம் என்றாகி, முன்னால் ஹெட் சேர்ந்தது. தமிழில் நாம் படம் எடுக்கிறோம், பிடிக்கிறோம், சுடுவதில்லை. ‘சுட்ட படம்’ என்றால் திருடிய படம். ஆகவே ஷாட் என்ற பாதியைப் ‘படம்’ என்று மாற்றியதில் பிழை இல்லை. கோளாறு எல்லாம் ‘தலை’யில்தான்.

நடிகருக்கான ஹெட்ஷாட்டில் தலையோடு தோளும் சட்டைக் கழுத்தும் மார்பின் மேற்பகுதியும் இருக்கும். உச்சி முடி கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் குற்றமில்லை. கண் இரண்டும் துல்லியமாக, படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டை ஒட்டி விழ வேண்டும். அமெரிக்க நாடக, சினிமா வழக்கில் 8-க்கு 10 அங்குலத்தில் அச்சிட்டு, நடிகரின் விவரத்தாளைப் பின்னால் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆள் தேர்வு செய்கிறவர் அதில் தேடுவது ஒன்றுதான்: இந்த முகம் எந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும்?

இப்போது ‘தலைப்படம்’ என்ற சொல்லை ஸ்டுடியோக்காரர் காதில் போட்டுப் பாருங்கள். அவர் தினமும் எடுப்பது பாஸ்போர்ட் சைஸ். தலை என்றதும் உங்களை ஸ்டூலில் நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு காதும் தெரிய, வெள்ளைத் திரைக்கு முன்னால் எடுத்துத் தருவார். அது அரசு விண்ணப்பத்துக்கு ஆகும், நடிப்பு வாய்ப்புக்கு ஆகாது. அவர் மேல் குறை இல்லை, கேட்டதைக் கொடுத்தார்.

இரண்டாவது, தமிழில் ஒட்டாக வரும் ‘தலை’ பல சொற்களில் உடம்பின் தலையைக் குறிப்பதில்லை. தலைநகர், தலையங்கம், தலைமகன், தலைவாசல் எல்லாவற்றிலும் முதன்மை என்பதே பொருள். அந்த வரிசையில் தலைப்படம் என்றால் முதன்மையான படம், பத்திரிகையின் முதல் பக்கப் பெரிய படம் என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்குத் ‘தலைப்படு’ என்று ஒரு பழைய வினை இருக்கிறது. குறளில் “தலைப்பட்டார் தீரத் துறந்தார்” என்று வரும். ஒரு செயலில் தலைப்படுதல் என்று இன்றும் எழுதுகிறோம். பையன்களிடம் ‘தல படம்’ என்றால் அஜித் படம். இத்தனை பொருள் அடைத்துக்கொண்டு நிற்கும் சொல்லில் புதிதாக இன்னொன்றைத் திணிப்பானேன்?

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். ‘மார்பளவுப் படம்’ நல்ல தமிழ். மார்பளவுச் சிலை என்பது ஊரறிந்த வழக்கு. ஆனால் அது எதுவரை வெட்டுவது என்ற அளவை மட்டும் சொல்கிறது, எதற்கான படம் என்பதைச் சொல்லவில்லை. கல்யாண வரனுக்குக் கொடுப்பதும் மார்பளவுதான். ‘முகப்புப் படம்’ என்று எழுதுகிறவர்கள் முகப்பு என்பது கட்டடத்தின் முன்புறம் என்பதை மறந்துவிடுகிறார்கள். ‘அண்மைக் காட்சி’ என்பது குளோசப், சினிமா ஒளிப்பதிவுக்கு உரிய சொல், அங்கேயே இருக்கட்டும். ‘உருவப்படம்’ என்றால் மாலை போட்டுத் திறந்துவைக்கும் படம் நினைவுக்கு வருகிறது.

எஞ்சுவது முகப்படம். முகபாவம், முகவெட்டு, முகக்களை, முகராசி என்று நடிப்புக்கும் தோற்றத்துக்கும் வேண்டிய சொற்கள் எல்லாம் ஏற்கெனவே முகத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. “முகத்தின் முதுக்குறைந்தது உண்டோ உவப்பினும் காயினும் தான்முந் துறும்” என்று குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். மகிழ்ச்சியோ சினமோ, முகம் முந்திக்கொண்டு காட்டிவிடும். நடிகர் போய் நிற்பதற்கு முன்பே அவருக்காகப் போய் நிற்கும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. முகம் வடசொல் என்று சொல்லித் தலைக்கு ஓடுகிறவர்களுக்கும் வள்ளுவர் ஆண்ட அந்தச் சொல்லே பதில். யானையின் முகத்தில் கட்டும் முகபடாத்தோடு குழம்பும் என்பது ஒரு வாதமே அல்ல. ஒலியும் வேறு, இடமும் வேறு.

வடார்க்காட்டுக்காரருக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்க வேண்டும். தெருக்கூத்தில் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் ஏற்றி வேஷம் கட்டியபின் ஆள் மறைந்து துரியோதனன் நிற்கிறான். அந்தக் கோலத்தில் எடுப்பது வேஷப்படம். முகப்படம் அதற்கு நேர் எதிர்: வேஷம் எதுவும் ஏறாத ஆளைக் காட்டுவது. போலீஸ் சட்டை போட்டு ஒன்று, டாக்டர் கோட்டு போட்டு ஒன்று என்று எடுத்து அனுப்புகிறவர்கள் வேஷப்படத்தைத்தான் அனுப்புகிறார்கள்.

சொல் சரியாகிவிட்டால் தயாரிப்பும் சரியாகும். முடி வெட்டுவதை ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்; முந்தின நாள் வெட்டினால் கழுத்தோரத்தில் கத்தி பட்ட கோடு வெளிறித் தெரியும். புருவம் திருத்துவது, ஃபேஷியல் எல்லாம் 4, 5 நாள் முன்பு. கடைசி நாளில் புதுக் கிரீம் எதையும் தொடக் கூடாது, தடித்தால் ஆற நேரமிருக்காது. தாடி வைத்திருப்பவர் தாடியோடு முதலில் எடுத்து, ட்ரிம்மரில் குறைத்து இன்னொன்று எடுத்து, சவரத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால் ஒரே நாளில் மூன்று தோற்றம் கிடைக்கும். சவரம் செய்தபின் குளிர்ந்த நீரில் கழுவி, சிவப்பு அடங்கும்வரை காத்திருங்கள். முந்தின இரவு ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். உப்பு நீரைப் பிடித்து வைக்கும், காலையில் கண்ணுக்குக் கீழே உப்பிக்கொள்ளும்.

துணியில்தான் நம் பக்கத்தில் அதிகம் தவறுகிறார்கள். குடியாத்தம் கைலி மாதிரிச் சின்னக் கட்டம் போட்ட சட்டையும் மெல்லிய கோட்டுச் சட்டையும் கூடாது. துணியின் கட்டமும் கேமரா சென்சாரின் கட்டமும் ஒன்றோடொன்று மோதி, படத்தில் அலையலையாக நெளியும். பிறகு அதை எடுப்பது கடினம். ஆரணிப் பட்டின் ஜரிகையும் ஆம்பூர்த் தோல் ஜாக்கெட்டின் மினுக்கும் விளக்கை வாங்கிக் கண்ணுக்கு வர வேண்டிய பார்வையைத் திருடும். வெள்ளைச் சட்டை போட்டால், ஆட்டோ முறையில் வைத்த கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தை இருட்டாக்கி, முகத்தையும் சேர்த்துக் கறுக்கவைக்கும். அரக்கு, மயில் நீலம், இலைப்பச்சை, சாம்பல் என்று ஒரே நிறத்தில், எழுத்தும் சின்னமும் இல்லாமல், இஸ்திரி போட்டு 3 அல்லது 4 சட்டை எடுத்துப் போங்கள். டால்கம் பவுடரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஃபிளாஷ் விழுந்ததும் அது வெள்ளைப் படலமாக நிற்கும். டிஷ்யூ காகிதத்தால் எண்ணெய்ப் பசையை ஒற்றி எடுத்தாலே போதும்.

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. வெளியில் எடுப்பதானால் காலை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையைத் துடைக்கத்தான் நேரம் சரியாக இருக்கும். வேலூர்க் கோட்டையில் எடுக்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்; சிற்பத் தூணைப் பின்னால் வைத்தால் பார்க்கிறவர் கண் தூணுக்குப் போகும். வீட்டில் நேர் வெயில் விழாத பெரிய ஜன்னலும் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையும் அதைவிட நல்ல வெளிச்சம் தரும். ஜன்னலைப் பார்த்து நின்றால் கண்மணியில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத கண் செத்த கண். லென்ஸ் 85 மி.மீ. அல்லது அதற்கு மேல், லென்ஸின் துவார அளவு எஃப் 4-இலிருந்து 5.6-க்குள். போனின் அகன்ற லென்ஸில் கிட்டே வந்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். முகவாயை ஆமை தலை நீட்டுவது போலச் சற்று முன்னால் நீட்டி, கொஞ்சம் கீழே இறக்கினால் தாடைக் கோடு தெளிவாகும். சிரிங்க என்று சொன்னதும் வரும் சிரிப்பில் கண் சேராது. ஒரு ஆளை நினைத்து அவரிடம் மனசுக்குள் ஒரு வசனம் சொல்லுங்கள்.

எடுத்து முடித்தபின் நடக்கும் கொடுமை, நிறத்தை வெளுப்பது. ஸ்டுடியோவில் கேட்காமலே செய்து தருகிறார்கள். நாளைக்கு மறைந்துவிடும் பருவை எடுக்கலாம். மச்சம், தழும்பு, தோல் நிறம் மூன்றையும் தொடக் கூடாது. படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர் முன்னால் வேறு ஆள் போய் நின்றால் அந்த வாய்ப்பு அங்கேயே போய்விடும்.

ஆகவே அறிவிப்பு எழுதுகிறவர்கள் ‘முகப்படம்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘தோள் வரை, மேக்கப் இல்லாமல், ஃபில்டர் இல்லாமல்’ என்று சேர்த்துவிடுங்கள். ஸ்டுடியோவில் ஹெட்ஷாட் என்றே பேசினாலும் குற்றமில்லை. பாஸ்போர்ட் சைஸ் இல்லை, நடிப்பு வாய்ப்புக்கு என்று முதலிலேயே சொல்லி, 2400-க்கு 3000 பிக்சலில் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். 8-க்கு 10 அங்குலத்தில் தெளிவாக அச்சிட அவ்வளவு வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பி, கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர், வயது, உயரம் மூன்றையும் போட்டுவிடுங்கள்.