‘சந்தர்ப்பவாதத் தொற்று’: சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது?

எச்.ஐ.வி. பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் கொஞ்ச நேரத்திலேயே ‘சந்தர்ப்பவாதத் தொற்று’ என்ற சொல் வந்து நிற்கும். ‘ஆப்பர்சூனிஸ்டிக் இன்ஃபெக்‌ஷன்’ என்பதற்கான தமிழ் அது. மருத்துவமனைக்காரர்கள் தங்களுக்குள் ‘ஓ.ஐ.’ என்று சுருக்கிவிடுவார்கள். பொருள் சிக்கலானதல்ல: எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும்வரை நம்மை ஒன்றும் செய்யாத, அல்லது உள்ளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிற ஒரு கிருமி, அந்தச் சக்தி இறங்கியதும் தலைதூக்கி நோயாக மாறுவது.

எச்.ஐ.வி. குறிவைப்பது அந்த எதிர்ப்பு சக்திக்குத் துணைநிற்கிற, ரத்தத்தில் இருக்கும் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களை. ஆரோக்கியமான ஒருவருக்கு இவை பொதுவாக ஒரு மைக்ரோலிட்டரில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்று கணக்கு. அந்த இறக்கத்தில்தான் இந்தத் தொற்றுகள் ஒவ்வொன்றாக வரும். வாயிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் படிகிற கேண்டிடா பூஞ்சை, மூச்சு வாங்க வைக்கும் நிமோசிஸ்டிஸ் நிமோனியா, இன்னும் கீழே இறங்கினால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல், கண்பார்வையைப் பறிக்கும் சைட்டோமெகலோ வைரஸ். இவற்றில் எதுவும் அபூர்வமான கிருமி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேண்டிடா நம்மில் நிறையப் பேர் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கிறது. கிரிப்டோகாக்கஸ் புறா எச்சம் கலந்த மண்ணில் கிடக்கிறது, நம்மில் பலர் அதை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு மட்டும் வருவது என்றும் நினைக்க வேண்டாம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் சர்க்கரை நோயாளிகளையும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களையும் பிடித்த கருப்புப் பூஞ்சையும் இதே வகைதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஓப்’ என்றால் நோக்கி, ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம். இரண்டும் சேர்ந்து ‘ஓப்போர்ட்டூனுஸ்’. கப்பலைத் துறைமுகத்தை நோக்கித் தள்ளிவிடும் காற்றுக்கு ரோமானியர்கள் வைத்த பெயர். பாம்பன்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கச்சான் வீசினால் தென்கடல் கொந்தளிக்கும், வாடை வீசினால் வடகடல். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் படகை விடுவது, எது கரை சேர்க்கும் காற்று என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நல்ல காற்றின் பெயர்தான் பிறகு ‘வாய்த்த நேரம்’ என்று பொருள் விரிந்து, 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசியலில் கொள்கையை விட்டுவிட்டு நேரம் பார்த்து நடப்பவர்களைத் திட்டும் சொல்லானது. மருத்துவம் அதற்கப்புறம் அதைக் கிருமிக்கு வைத்தது.

தமிழாக்கியவர்கள் எடுத்துக்கொண்டது அந்த அரசியல் பொருளைத்தான். அங்கேதான் சிக்கல். தங்கச்சிமடம் பக்கம் ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் துண்டுப்பிரசுரம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, “சந்தர்ப்பவாத நோய்னு போட்டிருக்கே, வாதம்னா கை கால் இழுத்துக்கிருமா அக்கா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியம்மா, “அது கட்சி மாறுறவுகளையில்ல சொல்லுவாக” என்றார். இரண்டு பேர் கேட்டதும் நியாயமானது. பக்கவாதம், முடக்குவாதம் என்று பழகிய காதுக்கு, நோயின் பெயரில் ‘வாதம்’ வந்தால் அது கை கால் விளங்காமல் போவதுதான். தத்துவத்திலும் அரசியலிலும் வரும் ‘வாதம்’ வேறு, சித்த மருத்துவத்தில் பித்தம் கபத்தோடு வரும் ‘வாதம்’ வேறு என்று அந்த இடத்தில் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. சந்தர்ப்பவாதம் தமிழில் ஒரு வசைச்சொல். எச்.ஐ.வி. என்றாலே ஆளின் ஒழுக்கத்தை எடைபோடும் ஊரில், அவருடைய சிகிச்சைக் குறிப்பில் இப்படி ஒரு சொல் இருந்தால், அது கிருமியைச் சொல்கிறது என்று யார் எடுத்துக்கொள்வார்கள்? கிருமியை வைதாலும் பொருந்தவில்லை, அது எப்போதும் செய்வதைத்தான் செய்கிறது. மாறியிருப்பது உடம்பின் காவல். இந்தக் கருத்து பெயரிலேயே தெரிய வேண்டும்.

இந்தச் சொல்லோடு வந்த நோய்ப் பட்டியலும் நம் ஊருக்கு அப்படியே பொருந்தவில்லை. 1981 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு நிமோசிஸ்டிஸ் நிமோனியா வந்ததாக வெளியான அறிக்கையில்தான் எய்ட்ஸ் முதன்முதலாக மருத்துவ உலகின் கண்ணில் பட்டது. அதனால் அமெரிக்கப் புத்தகங்களில் அந்த நிமோனியாவுக்குத்தான் முதலிடம். இங்கே நிலைமை வேறு என்று எண்களோடு காட்டியவர் சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் என். குமாரசாமி. (1986-ல் மாணவி நிர்மலாவுடன் சேர்ந்து இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டறிந்த சுனிதி சாலமன் தொடங்கிய மையம் அது.) அவரும் சக ஆய்வாளர்களும் அங்கே சிகிச்சைக்கு வந்த 594 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 2003-ல் ‘கிளினிக்கல் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். எய்ட்ஸ் நிலையைக் காட்டும் நோய்களில் அவர்களுக்கு அதிகம் வந்தது நுரையீரல் காசநோய், 49 சதவீதம். நிமோசிஸ்டிஸ் வெறும் 6, கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் 5, மூளையைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா 3.

தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவருக்கு முதலில் பார்க்க வேண்டியது டி.பி. என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதுவும் சி.டி.4 நன்றாகக் குறைகிறவரை காசநோய் காத்திருக்காது, எண்ணிக்கை ஓரளவு நன்றாக இருக்கும்போதே வந்துவிடும். எங்கள் பக்கம் இருமலை ‘உப்புக்காத்து ஒத்துக்கலை’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். எச்.ஐ.வி. இருப்பவர் அப்படித் தள்ளிப்போடவே கூடாது. இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்ப்பது, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் சளியைப் பரிசோதிக்கக் கொடுத்துவிட வேண்டும். இவை ஒன்றுமே இல்லை என்றால் காசநோய் வராமல் தடுக்க ஐசோனியசிட் மாத்திரை கொடுப்பார்கள். சி.டி.4 குறைவாக இருந்தால் கோட்ரைமாக்சசோல் சேரும். அது நிமோசிஸ்டிஸையும் டாக்சோபிளாஸ்மாவையும் தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஏ.ஆர்.டி., அதாவது கூட்டு மருந்து சிகிச்சை. 2004 ஏப்ரலிலிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதை விடாமல் சாப்பிட்டால் சி.டி.4 திரும்ப ஏறும், இந்தத் தொற்றுகளுக்கு வழியும் அடைபடும். கடலுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டோடு மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

இனி, எந்தத் தமிழ்ச் சொல்? ‘சமயத் தொற்று’ என்றால் மதம் என்று படும், ஆகாது. எய்ட்ஸை ‘ஏமக்குறைவு நோய்’ என்று எழுதும் தனித்தமிழ் ஆர்வலர்கள் உண்டு. ஏமம் என்றால் காவல். அழகான பழஞ்சொல், அந்த வழியில் ‘ஏமக்குறைவுத் தொற்று’ என்று சொன்னால் கருத்துக்கு மிக நெருக்கமாக வரும், ஆனால் ஏமம் என்றால் என்ன என்று முதலில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். ‘வாய்ப்புத் தொற்று’ என்று எழுதினால் ‘தொற்று வாய்ப்பு’ என்பதோடு குழம்பும்.

‘வாய்ப்புசார் தொற்று’ பரவாயில்லை. வாய்த்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல், ‘காத்து வாய்ச்சிருக்கு’ என்கிறோமே, அந்த வாய்த்தல். லத்தீன் வேருக்கும் பக்கத்தில் நிற்கிறது, வசையும் இல்லை, கை கால் இழுக்கும் பயமும் இல்லை. கட்டுரைக்கும் பாடப்புத்தகத்துக்கும் இதை வைத்துக்கொள்ளலாம். நோயாளியிடமோ துண்டுப்பிரசுரத்திலோ அதுவும் வேண்டாம், ‘எதிர்ப்பு சக்தி குறைந்தால் வரும் தொற்று’ என்று நீட்டியே எழுதிவிடலாம். நாலு சொல் கூடினாலும், சக்தியை ஏற்றினால் தொற்று வராது என்பது அதைப் படிக்கும்போதே புரிந்துவிடும். பிரசுரத்தில் பக்கத்திலேயே 1097 என்ற இலவச உதவி எண்ணையும், பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தையும் போட்டுவிடுங்கள்.