எந்த ஆளி முதலில் விழுந்தது?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்து மின்மாற்றியில் குரங்கொன்று பட்டதே காரணம் என்றார் அமைச்சர். "அடுத்தடுத்துப் பல ஆளிகள் விழுந்திருக்குமே, எது முதலில் விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

மணிக்கூட்டைப் பார்த்துத்தான். பாதுகாப்பு ரிலே என்ற கருவி, கோளாறைக் கண்டு சுற்றுடைப்பான் என்ற அந்த ஆளியைத் திறக்கும்போதே நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. நமது மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். இரண்டு நிலையங்களின் மணிக்கூடுகள் இரண்டு சுற்று பிசகினாலே, விளைவு முதலிலும் காரணம் பின்னாலுமாகப் பதிவாகிவிடும். அதனால் கூரையில் ஜிபிஎஸ் அன்டெனா வைத்து, செய்மதியிலுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தை இறக்குகிறார்கள்.

இறக்கிய நேரத்தை ரிலேக்களுக்குச் சொல்லும் முறைதான் என்னை மயக்குவது. அதன் பெயர் ஐரிக்-பி. செக்கனுக்கு 100 துடிப்புகள். துடிப்பு 2 மில்லிசெக்கன் நீடித்தால் பூச்சியம், 5 நீடித்தால் ஒன்று, 8 நீடித்தால் எல்லைக்கல். தமிழ் எழுத்தின் குறில் நெடில் போல, நீளம்தான் சேதி. எல்லைக்கற்கள் வழக்கமாகத் தள்ளித் தள்ளியே வரும். இரண்டு அடுத்தடுத்து வந்தால், இரண்டாவதன் தொடக்க விளிம்புதான் புதிய செக்கன் பிறக்கும் கணம். அதன் பின் செக்கன், நிமிடம், மணி, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பவை வரிசையாக வரும். மாதம் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. பெப்ரவரி 9 அதற்கு வெறும் 40ஆம் நாள். அனுப்பும் நேரம் உலக நேரமாக இருப்பதே நல்லது என்பேன். 1996இல் இருமுறை, 2006இல் ஒருமுறை என நமது மணிக்கூடுகளைத் திருப்பிய நாடல்லவா இது.

இந்தத் துடிப்பைச் செப்புக் கம்பியிலும் அனுப்பலாம். ஆனால் பெரிய கோளாறு நேரும்போது நிலையத்தின் நிலமே ஆயிரக்கணக்கான வோல்ற்றுக்கு எகிறக்கூடும்; அது கம்பி வழியே ரிலேக்குள் புகுந்துவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஒளி எரிந்தால் துடிப்பு, அணைந்தால் இடைவெளி. 100 மீற்றர் இழையைக் கடக்க ஒளிக்கு அரை மைக்ரோசெக்கன் போதும்.

மின்தடை வந்ததும் கிரகத்தையும் சகுனத்தையும் பழி சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பதிவேட்டைப் படித்தால் காரணம் தெரியும். அதற்கு மணிக்கூடு சரியாக இருக்க வேண்டும். பெரிய மின்மாற்றிக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு துளியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு நிலையத்தில் ரிலே ஒன்று நேரத்தைத் தவறவிட்டு, தன் உள் மணிக்கூட்டின் பளிங்கை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்தது. தொழில்நுட்பவியலாளர் இழையின் முனையைக் கழற்றி நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினார். ஒளி செல்லும் 62.5 மைக்ரோமீற்றர் அகல மையப் பகுதியின் நடுவே ஒரு தூசு. மதுசாரம் தோய்ந்த துணியால் ஒரே திசையில் துடைத்து மீண்டும் செருகினார். சில செக்கன்களில் ரிலேயின் எச்சரிக்கை விளக்கு அணைந்தது.