வாசல் கேமரா முகத்தை அறியும் விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில், அம்மா கோயிலிலிருந்து திரும்பி இரும்புக் கேட்டருகே நின்றதும் தாழ்வார விளக்கு தானாக எரிகிறது. வாசல் கேமராவுடன் இணைந்த சிறு கணினிதான் இதைச் செய்கிறது.

கணினி முதலில் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடி, இரு கண்களும் ஒரே மட்டத்தில் அமையும்படி அதைத் திருப்பி வெட்டிக்கொள்கிறது. அந்த முகம், படங்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும் மென்பொருளான ஒரு நரம்பணு வலைப்பின்னலுக்குள் சென்று எண்களின் வரிசையாக வெளிவருகிறது. 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். இவற்றில் எதுவும் மூக்கின் நீளத்தையோ கண்களின் இடைவெளியையோ தனியாகக் குறிப்பதில்லை; ஒருவருடைய இரு படங்கள் நெருங்கியும் வேறொருவர் படம் விலகியும் நிற்க வேண்டும் என்ற விதியோடு கோடிக்கணக்கான படங்களில் பயிற்சி பெற்ற வலைப்பின்னல், தானே கண்டுகொண்ட அளவைகள் அவை.

ஆகவே கணினி "இவர் அம்மா" என்று முடிவாகச் சொல்வதில்லை. முன்பே பதிந்த முகத்திலிருந்து இந்த முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மட்டுமே கணக்கிடுகிறது. எவ்வளவு தொலைவு வரை ஏற்பது என்ற எல்லையை வைப்பவர்கள் நாம்தான். என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே அதுதான். எல்லையைத் தளர்த்தினால் அம்மாவின் சாயல் கொண்ட சித்திக்கும் விளக்கு எரியும். இறுக்கினால் அம்மாவுக்கே எரியாது. காவடித் திருநாளன்று சாயங்கால வெயில் பின்னாலிருந்து அடிக்க, அம்மாவின் முகம் வெறும் நிழலுருவாகிவிட்டது; இரண்டு எட்டு முன்னால் வந்து நின்ற பிறகே விளக்கு எரிந்தது. பயிற்சிப் படங்களில் யார் குறைவோ அவர்களிடம் பிழை கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. முகத்தைக் கொண்டு பாலினத்தை ஊகிக்கும் மூன்று மென்பொருள்களை 2018-இல் சோதித்த ஆய்வில், வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை சென்றது.

முகம் பொருந்தியதும், 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவான, கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் எம்கியூடிடி (MQTT) முறையில் ஒரு சிறு செய்தி புறப்படுகிறது. அந்தச் செய்திக்காகக் காத்திருக்கும் ரிலே சுவிட்ச் விளக்கை ஏற்றுகிறது.

கேட்டுப் பூட்டை மட்டும் நான் இதில் இணைக்கவில்லை. முகத்தின் மேடுபள்ளத்தை, அதாவது ஆழத்தை, அறியாத சாதாரண கேமராவை அச்சிட்ட புகைப்படத்தைக் காட்டியே ஏமாற்றிவிடலாம். மின்வெட்டில் கணினியும் ரவுட்டரும் சேர்ந்தே அணைந்துவிடும். கேட்டுச் சாவி இன்றும் அம்மாவின் கைப்பையில்தான் இருக்கிறது.