கிளாட் தகட்டை ஒரே உலோகமாக நடத்தாதீர்கள்

50 மி.மீ. தடிமனுள்ள ஒரு பிரஷர் வெசலின் (அழுத்தம் தாங்கும் கலத்தின்) சுவரை வெளியிலிருந்து அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கிறார்கள். கருவி 49 காட்டுகிறது. 'ஒரு மில்லிமீட்டர்தான் தேய்ந்திருக்கிறது, கவலையில்லை' என்று அறிக்கை போகிறது. முழுச் சுவரும் கார்பன் ஸ்டீல் என்றால் அது சரியான அறிக்கைதான். ஆனால் அது 47 மி.மீ. கார்பன் ஸ்டீலும் உட்புறம் 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சேர்ந்த கிளாட் தகடாக இருந்தால்? உள்ளே இருக்கும் அமிலத்தைத் தடுத்து நிற்கும் உலோகத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

ஆய்வு வேலையில் இந்த மாதிரி அறிக்கைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அளப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அது கிளாட் என்பதையே பல இடங்களில் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

கிளாட் என்றால் முலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முலாம் மைக்ரான் கணக்கு. கிளாட் மில்லிமீட்டர் கணக்கு. அழுத்தத்தைத் தாங்க ஒரு மலிவான, வலுவான அடித்தகடு. அரிப்பைத் தாங்க அதன்மேல் ஸ்டெயின்லெஸ், நிக்கல் கலவை, டைட்டானியம், செம்பு என்று தேவைக்கேற்ற மேல்தகடு. நடுவில் பசை கிடையாது, உலோகம் உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கும். சுவர் முழுவதையும் டைட்டானியத்திலோ நிக்கலிலோ செய்தால் ஆகும் செலவை இது பெருமளவு மிச்சப்படுத்துகிறது.

பிணைக்கும் வழிகள் முக்கியமாக மூன்று. இரண்டையும் அடுக்கிச் சூடாக்கி உருளைகளுக்கு இடையே அழுத்தித் தேய்ப்பது ஒன்று. மேல்தகட்டை வெல்டிங் மூலமே அடுக்கடுக்காகப் படியவைப்பது இன்னொன்று. நாசில் (கலத்தில் குழாய் சேரும் வாய்), ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு வளையம்) போன்ற வளைவு நெளிவுகளுக்கு இதுதான் வசதி. மூன்றாவது வெடிமருந்து. இரண்டு தகடுகளையும் சிறு இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே வெடிமருந்தைப் பரப்பி ஒரு ஓரத்திலிருந்து வெடிக்கவைப்பார்கள். மேல்தகடு சற்றுச் சாய்வாகக் கீழ்த்தகட்டில் மோதிக்கொண்டே போகும். மோதும் முனையிலிருந்து பீறிடும் மெல்லிய உலோகத் தாரை, இரு பரப்புகளிலும் உள்ள ஆக்சைடு படலத்தை வழித்துக்கொண்டு முன்னே ஓடும். பின்னால் சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். இப்படிச் செய்த தகட்டை வெட்டிப் பாலிஷ் செய்து பார்த்தால், பிணைப்புக் கோடு அலை அலையாக ஓடுவது தெரியும். வழக்கமான முறையில் வெல்டே பிடிக்காத டைட்டானியம்–ஸ்டீல், அலுமினியம்–ஸ்டீல் ஜோடிகளை இது சேர்த்துவிடுகிறது. ஸ்டீல் உடல் கொண்ட கப்பல்களின் மேல் அலுமினியக் கட்டுமானத்தை வெல்டு செய்வது இத்தகைய இணைப்புப் பட்டைகளை நடுவில் வைத்துத்தான்.

சரி, ஆர்டருக்கு வருவோம். கிளாட் பெரும்பாலும் கேட்டுச் செய்யவைக்கும் பொருள். கேட்காதது வராது. 'ஸ்டெயின்லெஸ் கிளாட், மொத்தம் 50, கிளாட் 3' என்று மட்டும் எழுதிய ஆர்டர்கள் எனக்குப் பயத்தைத் தருகின்றன. 3 என்பது சராசரியா, எந்த இடத்திலும் குறையக்கூடாத அளவா? வடிவமைப்பில் கிளாடின் தடிமனையும் வலிமைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா? ஸ்டெயின்லெஸ் கிளாடுக்கான ஏஎஸ்டிஎம் ஏ264 தரம் பிணைப்புக்குக் குறைந்தபட்சம் 140 மெகாபாஸ்கல் வெட்டு வலிமை (இரு அடுக்கும் வழுக்கிப் பிரியாமல் தாங்கும் அளவு) சொல்கிறது. அந்தச் சோதனையை உங்கள் தகட்டில் செய்து காட்டச் சொல்லிக் கேட்டீர்களா? ஒட்டாத திட்டு எவ்வளவு வரை அனுமதி என்பதும், நாசிலுக்காகத் துளை போடும் இடத்திலும் வெல்டு ஓரங்களிலும் அப்படி ஒன்றுமே இருக்கக்கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வெல்டிங்கால் படியவைத்த கிளாட் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. முதல் அடுக்கில் அடித்தகட்டின் இரும்பு உருகிக் கலந்துவிடும். ஆகவே வேதிச் சோதனை எந்த ஆழத்தில் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். மேல்பரப்பில் மட்டும் எடுத்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

அதிகம் கவனிக்கப்படாத விஷயம் வெப்பச் சிகிச்சை. தடிமனான கார்பன் ஸ்டீலை வெல்டு செய்தபின் உலோகத்துக்குள் தேங்கிய இறுக்கம் தளர 600 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்குவார்கள். கூடவே ஸ்டெயின்லெஸ் கிளாடும் அந்தச் சூட்டில் கிடக்கும். ஏறக்குறைய 425 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில், 304 போன்ற ரகங்களில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து உலோகத்தின் நுண்மணிகளுக்கு (கிரெயின்) இடையிலான எல்லைகளில் ஒதுங்கிவிடும்; அரிப்பு அந்த எல்லைகள் வழியே நுழையும். கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத 304எல், 316எல், அல்லது 321, 347 போன்ற நிலைப்படுத்திய ரகங்களைக் கேட்பது இதனால்தான். அடித்தகட்டுக்கு நல்லது செய்யும் சூடு மேல்தகட்டைக் கெடுக்கலாம். எத்தனை முறை, எவ்வளவு நேரம் சூடாக்கப் போகிறீர்கள் என்பது தகடு செய்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் மாதிரித் துண்டை அதே சூட்டில் வைத்துச் சோதித்துத் தருவார்.

அடுத்து வெல்டிங். கார்பன் ஸ்டீல் எலெக்ட்ரோடு எக்காரணம் கொண்டும் ஸ்டெயின்லெஸ் கிளாடைத் தொடக்கூடாது. தொட்டால் குரோமியமும் நிக்கலும் அந்த வெல்டில் கலந்து, கடினமான, எளிதில் விரிசல் விடும் உலோகமாக அது இறுகும். அதனால் ஜாயிண்ட் ஓரத்தில் கிளாடைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குச் செதுக்கிவிட்டு, அடித்தகட்டை முதலில் கார்பன் ஸ்டீலால் முடித்து, இரண்டும் சேரும் இடத்தில் 309எல் போன்ற இடைநிலை உலோகம் போட்டு, அதற்கு மேல்தான் கிளாடுக்குப் பொருத்தமான வெல்டு போடுவார்கள். நேரமில்லை என்று இந்த வரிசையை மாற்றிய ஜாயிண்டுகளில் விரிசல் பார்த்திருக்கிறேன். கார்பன் ஸ்டீலில் ஓட்டிய கிரைண்டிங் வீலைக் கிளாட் பக்கம் கொண்டுவருவதையும் நிறுத்துங்கள். இரும்புத் துகள் பதிந்து, அந்த இடத்தில் துரு தொடங்கும்.

கிளாடில் ஊசித்துளை விழுந்தால் என்ன ஆகும்? இதற்கான பதில் எந்தக் கிளாட் என்பதைப் பொறுத்தது. விமானத் தகடுகளில் வரும் ஆல்கிளாடில், வலுவான அலுமினியக் கலவையின் இரு பக்கமும் சுத்த அலுமினியம் இருக்கும். கீறல் விழுந்தாலும் மேலே உள்ள அலுமினியம் தன்னை அரிக்கக் கொடுத்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். கார்பன் ஸ்டீல்மேல் ஸ்டெயின்லெஸ் இதற்கு நேர்மாறு. அங்கே அரிபடுவது அடித்தகடு. சுற்றிலும் பரந்த ஸ்டெயின்லெஸ், நடுவே ஊசிமுனை அளவு கார்பன் ஸ்டீல் என்று ஆனதும், அரிப்பு முழுவதும் அந்தப் புள்ளியில் குவியும். வெளியே சின்னப் புள்ளி, உள்ளே குகை. கிளாடே இல்லாத சுவரைவிட அந்த இடம் வேகமாகக் கரையலாம். இதனால் 'கொஞ்சம் கீறல்தானே' என்ற பேச்சை நான் ஏற்பதே இல்லை.

கீறல் கிளாடைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். சந்தேகமான இடத்தைச் சுத்தம் செய்து, காப்பர் சல்ஃபேட் கரைசலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஸ்டெயின்லெஸ் அப்படியே இருக்கும். கார்பன் ஸ்டீல் வெளியே வந்திருந்தால் கண்ணெதிரே செம்பு நிறம் ஏறும். பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். உலோக ரகத்தைக் கண்டறியும் எக்ஸ்ரே பிஎம்ஐ கன் இந்த வேலைக்கு உதவாது. மேல்பரப்பை மட்டும் பார்த்து '316எல்' என்று சொல்லும். கீழே எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது. ஸ்டெயின்லெஸ் கிளாடின் மிச்சத் தடிமனை அளக்க, உட்புறத்திலிருந்து காந்த வகைத் தடிமன் மீட்டரைப் பயன்படுத்தலாம். வெல்டு படிவில் காந்தம் ஈர்க்கும் ஃபெரைட் கொஞ்சம் இருக்கும், அதற்குத் தனியாகக் கேலிப்ரேட் செய்துகொள்ளுங்கள்.

பிணைப்பு விட்டிருக்கிறதா என்பதை அல்ட்ராசோனிக் சொல்லும். ஸ்டெயின்லெஸ்–ஸ்டீல் நன்றாக ஒட்டியிருந்தால் நடுவில் எதிரொலி கிட்டத்தட்ட வராது. டைட்டானியம்–ஸ்டீலில் நன்றாக ஒட்டியிருந்தாலும் வரும், ஏனென்றால் இரண்டிலும் ஒலி எதிர்ப்பு வேறு. இதை அறியாமல் நல்ல தகட்டை நிராகரிப்பதும் நடக்கிறது. அங்கே பின்சுவர் எதிரொலி குறைகிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டைட்டானியம் கிளாட் வெசல் வைத்திருப்பவர்கள் வெளிச்சுவரில் இருக்கும் சின்னத் துளைகளைப் பார்த்திருப்பீர்கள். டைட்டானியத்தை ஸ்டீலோடு உருக்கிச் சேர்த்தால் நொறுங்கும் சேர்மம் உருவாகும். ஆகவே ஜாயிண்டின் மேல் டைட்டானியப் பட்டை வைத்து அதன் ஓரங்களை மட்டும் வெல்டு செய்வார்கள். அந்தப் பட்டைக்குப் பின்னால் கசிவு வந்தால் முதலில் தெரிவது இந்தத் துளைகளில்தான். பல ஆலைகளில் அவை பெயிண்டால் அடைபட்டோ, 'தேவையில்லாத ஓட்டை' என்று பிளக் போட்டோ கிடக்கின்றன. அடுத்த ஷட்டவுனில் ஒவ்வொன்றையும் திறந்து சுத்தம் செய்யுங்கள், தினசரிச் சுற்றில் பார்க்கும் பட்டியலில் சேருங்கள், பெயிண்ட் அடிக்க வருபவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.