ஆறு பிள்ளைகள் வரை பதிவு தேவையில்லை: டே மதரிடம் குழந்தையை விடுமுன்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் விடியுமுன்னே சில வீடுகளில் வாசல் விளக்கு எரியும். டர்பன் நகரத்துக்கு வேலைக்குப் போகும் அம்மாக்கள், தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி, பால்புட்டியும் மாற்றுத்துணியும் திணித்த பையோடு அந்த வாசலில் நிற்பார்கள். கதவைத் திறப்பவர் சொந்தப் பாட்டி என்றால் ஆயா. மாதக் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் தெருக்காரப் பெண் என்றால் டே மதர். டர்பனின் பீனிக்ஸிலும் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவிலும் இதே காட்சிதான். அண்மையில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து மிட்ராண்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் சில மாதங்களில் இப்படி ஒரு வாசலைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

புதிதாக வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அவர் அரசாங்கத்தில் பதிவு செய்தவர்தானே?" என்று. பதிவு செய்திருக்க மாட்டார், செய்ய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை என்று நான் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் குழந்தைகள் சட்டம் 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 76ஆம் பிரிவு பகுதிநேரப் பராமரிப்பு என்றால் என்ன என்று வரையறுக்கிறது: பெற்றோரின் சார்பில், அவர்களோடு பேசி ஒப்புக்கொண்டபடி, நாளின் குறிப்பிட்ட நேரத்துக்கோ தற்காலிகமாகவோ ஆறுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதுதான் கணக்கு. ஏழாவது பிள்ளை வந்த அன்றே அந்த வீடு சட்டத்தின் கண்ணில் ஒரு பராமரிப்பு நிலையமாகிவிடுகிறது; பதிவும் கட்டாயமாகிறது. ஆறும் அதற்குக் கீழும் என்றால் இந்தப் பதிவு விதி அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டுவதில்லை.

எண்ணும்போது ஒரு நுணுக்கம் உண்டு. "பெற்றோரின் சார்பில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். டே மதர் பெற்ற பிள்ளைகள் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். ஆகவே ஆறு பிள்ளைகளோடு அவருடைய இரண்டும் சேர்ந்து எட்டுப் பேர் ஓடியாடும் வீடும் சட்டப்படி சரியாக இருக்கலாம். மகள் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் பேரப்பிள்ளையோ, அந்த வாசகப்படி கணக்கில் சேரும். இதை எந்த ஆயாவிடமும் நான் இதுவரை சொல்லத் துணிந்ததில்லை.

பதிவு தேவையில்லை என்பதால் எந்தச் சட்டமும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பலருக்கும் தெரியாத 32ஆம் பிரிவு இங்கேதான் கைகொடுக்கிறது. பெற்றோர் உரிமை எதுவும் இல்லாத ஒருவர் தானாக முன்வந்து ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டால், அந்த நேரம் முழுவதும் குழந்தையின் உடல்நலத்தையும் வளர்ச்சியையும் காப்பது அவர் கடமை. வன்முறை, புறக்கணிப்பு, சுரண்டல் ஆகியவற்றிலிருந்து காப்பதும் அவர் கடமை. ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் இது பொருந்தும். அதே பிரிவு அவருக்கு ஓர் அதிகாரமும் தருகிறது: பெற்றோரை நியாயமான முறையில் தொடர்புகொள்ள முடியாதபோது, மருத்துவப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அவரே ஒப்புதல் கொடுக்கலாம். அதனால்தான் தடுப்பூசியும் வளர்ச்சியும் குறிக்கும் ரோடு டு ஹெல்த் கையேட்டின் நகல், ஒவ்வாமை விவரம், மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டின் எண் மூன்றையும் ஓர் உறையில் போட்டு முதல் நாளே கொடுத்துவிடச் சொல்கிறேன். காய்ச்சல் நூற்று மூன்றைத் தொடும் பகலில், நீங்கள் கூட்டத்தில் கைபேசியை அணைத்து வைத்திருக்கும்போது, மருத்துவமனையில் அவர் எதைக் காட்டுவார்?

யார் சோதிப்பது?

பதிவு செய்த இடமென்றால் நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் வருவார், தீயணைப்புத் துறையின் சான்று கேட்பார்கள், பணியாளர்களின் பின்னணி சரிபார்க்கப்படும். ஆறு பிள்ளை வீட்டில் இவையெல்லாம் உங்கள் தலையில் விழுகின்றன. எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட முடியாது. செய்ய முடிந்தவற்றில் முதன்மையானது ஆள் சரிபார்ப்பு.

சமூக மேம்பாட்டுத் துறை தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. அதன் பி பகுதியில் இருப்பவர்கள் குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று நீதிமன்றமோ விசாரணை அமைப்போ தீர்மானித்தவர்கள். குழந்தையைக் கொலை செய்தது, வல்லுறவு, கொடுங்காயத் தாக்குதல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களும் அதில் வருவார்கள். பொதுமக்கள் புரட்டிப் பார்க்கும் ஏடு அல்ல அது. நீங்கள் போய்ப் பெயர் சொல்லித் தேட முடியாது. ஆனால் யாரும் தம் பெயர் அதில் இருக்கிறதா என்று தாமே கேட்கலாம். அதற்கான விண்ணப்பம் படிவம் 30. அடையாள அட்டையின் சான்றளித்த நகலோடு அனுப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. நீதித் துறையிடம் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு தனியாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. ஒன்றில் பெயர் இல்லை என்ற கடிதம் மற்றதற்கு ஈடாகாது.

எங்கள் தெருவில் என் மகளைப் பார்த்துக்கொண்டவரிடம் படிவம் 30 பற்றிப் பேச எனக்கு மூன்று நாள் ஆனது. மனம் புண்படுமே என்ற தயக்கம்தான். கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, சாமி அறையில் மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். முன்பே வாங்கி வைத்திருக்கிறார். அதுவரை ஒரு தாயும் கேட்கவில்லையாம். இன்னோர் இடத்தில், பெயர் வேண்டாம், இதே கேள்விக்கு "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்ற பதில் வந்தது. நான் மறுபடி அங்கே போகவில்லை. பகலில் அந்த வீட்டில் இருக்கும் கணவர், வளர்ந்த மகன், வாடகை அறையில் தங்கியிருப்பவர் ஆகியோரைப் பற்றியும் கேளுங்கள். அவரை மட்டும் கேட்டுவிட்டு அவர்களை விட்டுவிடுவதில் பொருளில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஓர் அளவுகோல் வேண்டும் என்றால், பதிவு பெற்ற நிலையங்களுக்கு வகுத்த தரத்தையே கடன் வாங்கிக்கொள்ளுங்கள். பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். பதினெட்டு மாதம் முதல் மூன்று வயது வரை பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர். ஒரு பிள்ளைக்கு உள்ளே 1.5 சதுர மீட்டர், வெளியே விளையாட 2 சதுர மீட்டர் இடம். இந்தக் கணக்குப்படி ஆறும் கைக்குழந்தைகளாக இருந்தால் தனியாக ஒரு பெண் தன் எல்லையின் விளிம்பில் நிற்கிறார். அவர் கழிப்பறைக்குப் போகும் ஐந்து நிமிடம் யார் பார்ப்பது என்று தயங்காமல் கேளுங்கள். மருந்தும் பூச்சிக்கொல்லியும் பூட்டிய இடத்தில் இருக்கின்றனவா என்பதையும் கண்ணால் பாருங்கள். மலைச்சரிவிலோ ஓடை ஓரத்திலோ இருக்கும் வீடென்றால், 2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பன்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

உணவு பற்றி இரண்டு வரி. புரட்டாசியில் உங்கள் வீட்டில் விரதம் என்றால் பிள்ளைக்கும் உண்டா, பக்கத்துப் பிள்ளையின் கோழித்துண்டை வாங்கித் தின்றால் பரவாயில்லையா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அது அவர் ஊகிக்க வேண்டிய விஷயமல்ல.

அடி. "ஒரு தட்டு தட்டினால்தான் கேட்பான்" என்று சொல்லும் ஆயாக்கள் இன்றும் உண்டு. பதிவு பெற்ற இடங்களில் உடல் தண்டனைக்குத் தடை இருக்கிறது. வீட்டில் பெற்றோரே அடித்தாலும் "நியாயமான கண்டிப்பு" என்ற பழைய சட்டக் கேடயம் இப்போது இல்லை. 2019 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கிவிட்டது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை டே மதருக்கு எப்படி வரும்? இதை ஒப்பந்தத் தாளில் ஒரு வரியாக எழுதச் சொல்வேன்.

ஒப்பந்தம் என்றால் வக்கீல் தாள் வேண்டியதில்லை. நேரம், மாதக் கட்டணம், தாமதமானால் என்ன, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளுக்குக் காசு உண்டா, பிள்ளையை யார் யார் அழைத்துப் போகலாம், நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு. டிசம்பரை மட்டும் தனியாக எழுதுங்கள். சண்டைகளில் பாதி டிசம்பர் கட்டணத்தில்தான் வருகிறது: மூடியிருந்த மூன்று வாரத்துக்கும் பணம் கேட்கிறார் என்று இவர், அந்த மாதம் நான் எதைச் சாப்பிடுவது என்று அவர். காரில் கூட்டிப் போவதாக இருந்தால், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் குழந்தை இருக்கை 2015 மே முதல் கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறைத் தாண்டினால்

ஏழு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டில் "பதிவு இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. சான்றிதழைக் கையில் வாங்கி, அதில் இருக்கும் முகவரி இந்த வீட்டுடையதா, எந்தத் தேதி வரை செல்லும், நிபந்தனையோடு கொடுத்ததா என்று பாருங்கள். இடத்துக்கு ஒரு பதிவு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு இன்னொரு பதிவு என்று இரண்டு உண்டு. முன்பு இவை சமூக மேம்பாட்டுத் துறையிடம் இருந்தன. 2022 ஏப்ரல் 1 முதல் அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டன. எனவே சந்தேகம் வந்தால் மாகாணக் கல்வித் துறையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். பழைய துறையின் முத்திரையைப் பார்த்து மட்டும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், தேதியைப் பாருங்கள்.

பதிவு இல்லாத இடங்கள் அபூர்வம் என்றும் நினைக்க வேண்டாம். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 42,420 தொடக்கக் கல்வி நிலையங்களை எண்ணினார்கள். பதிவோ நிபந்தனைப் பதிவோ பெற்றவை 40 விழுக்காடு மட்டுமே. நல்ல மனதோடு நடத்துபவர்களையும் மண்டலப்படுத்தல் விதி, கட்டட வரைபடம், சுகாதாரச் சான்று என்று அலையவிட்டதுதான் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. 2025இல் அரசு பனா பெலே என்ற பெயரில் பதிவு இயக்கம் தொடங்கி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக ஏறலாம் என்று வழியைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறது. ஒரு வீட்டில் வெண்கலம் என்று சொன்னால், முழுப் பதிவுக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பார்ப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்தால்

கதை அப்படியே தலைகீழாகிறது. அவர் வீட்டுப் பணியாளர், நீங்கள் முதலாளி. குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1 அன்று மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது, ஆண்டுதோறும் மார்ச்சில் இது மாற்றியமைக்கப்படும். இரண்டு மணி நேரம் மட்டும் வந்து போனாலும் நான்கு மணி நேரக் கூலி தரவேண்டும். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்து, சம்பளத்தில் அவர் ஒரு விழுக்காடு, நீங்கள் ஒரு விழுக்காடு கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீடு பெறும் உரிமை வீட்டுப் பணியாளர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. பிரிட்டோரியாவில் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து 2012இல் இறந்த மரியா மஹ்லாங்குவின் மகள் தொடுத்த வழக்கில், 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஆகவே இழப்பீட்டு நிதியிலும் பதிவு செய்வது உங்கள் பொறுப்பு.

அரசுப் பணம்

குழந்தை ஆதரவு உதவித்தொகை 1998இல் 100 ரேண்டில் தொடங்கியது; 2025 ஏப்ரலில் மாதம் 560 ரேண்டாக இருந்தது. வருமான வரம்பு உண்டு. குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அகதிகளுக்கு மட்டுமே இது. வேலை விசாவில் வந்தவர்கள் வரிசையில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பதிவு பெற்ற நிலையங்களுக்கு, வசதி குறைந்த பிள்ளைகளின் பேரில் நாளொன்றுக்குத் தலைக்கு 17 ரேண்ட் வந்துகொண்டிருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 24 ஆக்கியது. அந்தப் பணம் நிலையத்துக்குப் போகிறது, பெற்றோர் கைக்கு வராது. ஆறு பிள்ளை டே மதர் எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும், பதிவு இல்லாததால் இந்த மானியத்துக்கு வெளியேதான் நிற்கிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிள்ளையின் உடம்பில் விளக்கம் இல்லாத காயமோ, அந்த வாசலைக் கண்டதும் புதிதாக ஓர் அலறலோ தெரிந்தால், முதலில் பிள்ளையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் எழுதும் குறிப்பு பின்னால் தேவைப்படும். போலீஸிலோ மாகாணச் சமூக மேம்பாட்டு அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். துன்புறுத்தல் என்று நியாயமாகச் சந்தேகிக்கும் மருத்துவரும் ஆசிரியரும் அதைத் தெரிவிக்கச் சட்டப்படியே கடமைப்பட்டவர்கள். தெருவில் பேச்சு வருமே, கோயிலில் முகம் பார்க்க வேண்டுமே என்று தயங்கும் இரவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் சைல்ட்லைன் எண் 116. எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.