பில்லர் பக்கத்தில் ஓட்டை போடாதீர்கள்

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது. அலுவலகத் தளத்தைக் கிளினிக்காக மாற்றுகிறார்கள், பீம் இல்லாத பிளாட் ஸ்லாப் கட்டடம், பிளம்பர் கோர் கட்டிங் மிஷினை வைத்து ஒரே பில்லரின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் 6 இன்ச் ஓட்டை போட்டுவிட்டார். கேட்டால், "பில்லர் பக்கத்துலதானே சார், அங்கதான் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்கிறார் உரிமையாளர்.

பில்லர் ஸ்ட்ராங்தான். அதைச் சுற்றியுள்ள தளம்தான் ஆபத்தான இடம். அப்பளத்தை விரல் நுனியில் நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள், விரலுக்கு ஒன்றும் ஆகாது, அப்பளம்தான் விரலைச் சுற்றிப் பொத்துக்கொள்ளும். பீம் இல்லாத தளத்தில் மொத்தச் சுமையும் பில்லரைச் சுற்றிய ஒரு சின்ன வளையம் வழியாகத்தான் இறங்குகிறது. 12 இன்ச் சதுர பில்லர், 8 இன்ச் தளம் என்றால் அந்த வளையத்தின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர், அவ்வளவுதான். பில்லரை ஒட்டிய ஒவ்வொரு 6 இன்ச் ஓட்டையும் அதில் ஏறக்குறைய 9 சதவீதத்தைத் தின்றுவிடும். அறுபட்ட கம்பி தனிக்கணக்கு.

"அப்படின்னா தளம் தொங்குமே, விரிசல் தெரியுமே?" என்று கேட்பீர்கள். பீம் மாதிரி இது முன்கூட்டிச் சொல்லிவிட்டு விழாது. விரிசல் வந்தாலும் முதலில் தளத்தின் மேல்புறத்தில், டைல்ஸுக்கு அடியில்தான் வரும், நீங்கள் கீழே நின்று சீலிங்கை எவ்வளவு அண்ணாந்து பார்த்தாலும் பயனில்லை. 1995இல் சியோலில் இடிந்து 502 பேரைப் பலிகொண்ட சாம்பூங் அங்காடியும் பீம் இல்லாத கட்டடம்தான். அங்கே பில்லர்களையே மெலிதாக்கியிருந்தார்கள், பில்லர் மெலிந்தால் அந்த வளையமும் சுருங்கும்.

கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456இன்படி, பில்லரிலிருந்து தளத்தின் கனத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்குள் ஓட்டை வந்தாலே கணக்குப் பார்க்க வேண்டும். 8 இன்ச் தளத்துக்கு அது 2 மீட்டர். அதனால் டிராயிங் இல்லாமல் மிஷினை ஆன் செய்யாதீர்கள். ஏற்கெனவே போட்டாயிற்றா? சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள், அறுந்த கம்பி அதனால் ஒட்டாது. மேலே உள்ள பாரத்தை இறக்குங்கள், கீழே ஜாக்கி முட்டு கொடுங்கள் (ஒரு மாடியோடு நிறுத்தாமல் அதற்கும் கீழே வரை), அப்புறம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். தயவுசெய்து, பிளம்பரிடம் யோசனை கேட்காதீர்கள்.

அந்தக் கிளினிக்கில் இப்போது முட்டு நிற்கிறது. திறப்பு விழாவுக்குள் அதை எடுத்துவிடலாமா என்று உரிமையாளர் இன்று காலையும் போன் செய்தார்.